தொழில்முறைக் குத்துச்சண்டை: ஊக்கமருந்துச் சோதனைக்குக் காசு யார் கட்டுவது?

வாசகர் கேள்வி – 8 ஜூன் 2025

பெரிய சண்டை வந்தால் கூடவே ஊக்கமருந்துப் பஞ்சாயத்தும் வந்துவிடுகிறது. என் கட்சி எளிது. கோடிக்கணக்கில் வாங்குகிற பாக்ஸர் தன் சோதனைச் செலவைத் தானே கட்டட்டும். சுத்தமானவன் என்றால் செலவழித்து நிரூபிக்கட்டும். புரமோட்டரோ அரசாங்கமோ எதற்குக் கட்ட வேண்டும்? மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

மறுக்கிறேன். "கோடிக்கணக்கில் வாங்குகிற பாக்ஸர்" என்று ஆரம்பித்ததிலேயே கோளாறு. ஒரு ராத்திரியில் எட்டுப் பத்து சண்டை நடந்தால், போஸ்டரில் முகம் வருகிற இரண்டு பேருக்குத்தான் அந்தப் பணம்.

நான் சில வருடங்கள் ஒரு நண்பனுக்குக் கார்னரில் நின்றிருக்கிறேன். வாளி தூக்குவது, வாய்க்கவசம் கழுவுவது, வீங்கிய கண்ணில் குளிர்ந்த இரும்பை அழுத்துவது, அந்த வேலைதான். அவனுக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு கட்டு டிக்கெட் கையில் கொடுப்பார்கள், விற்றதில் பங்கு. பல சமயம் எதிராளிக்குக் கொடுக்கிற காசும் அந்த டிக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும். லைசென்ஸ், கண் பரிசோதனை, மூளை ஸ்கேன், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் ரத்தப் பரிசோதனை எல்லாம் சொந்தக் காசு. ஒரு புரமோட்டர் அந்த ஸ்கேன் காசைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை தரவில்லை.

இப்படிப்பட்டவனிடம் போய் ஊக்கமருந்துச் சோதனைக்கும் நீயே கட்டு என்றால் கட்ட மாட்டான். சோதனை நடக்காது, அவ்வளவுதான். அந்த மட்டத்தில் இப்போதும் கிட்டத்தட்ட நடப்பதில்லை என்பது வேறு கதை.

9 ஜூன்

"அப்போ யார்தான் கட்டுவது?" என்று முதல் கேள்விக்காரரே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. புரமோட்டர் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றுகிற பதில், எனக்கும் அதுதான். டிக்கெட், டிவி உரிமை, விளம்பரம் எல்லாம் வந்து விழுகிற இடம் அது. 2015 மே 2 லாஸ் வேகஸில் மேவெதரும் பாக்கியாவும் மோதியபோது வீட்டில் காசு கட்டி டிவியில் பார்க்கிற பே-பர்-வியூ 46 லட்சம் விற்றது. வாசல் வசூல் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல். இதில் சோதனைச் செலவெல்லாம் சில்லறை. எனவே "காசில்லை" என்கிற பேச்சை மேல்மட்டத்தில் யாரும் எடுக்க வேண்டாம்.

9 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

அந்தச் சண்டை ஐந்து வருடம் தள்ளிப் போனதே இந்த விஷயத்தால்தான். 2010 மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது. மேவெதர் தரப்பு ஒலிம்பிக் பாணியில் முன்னறிவிப்பில்லாத ரத்தச் சோதனை கேட்டது. சண்டைக்கு முன் எத்தனை நாள் வரை ரத்தம் எடுக்கலாம் என்பதில் இழுபறி, பேச்சு முறிந்தது. பாக்கியாவ் அவதூறு வழக்கே போட்டார். 2012ல் சமரசம் ஆனது.

கவனியுங்கள், அந்தத் தகராறு யார் காசு கட்டுவது என்பதைப் பற்றியே அல்ல. யார் கூப்பிடும்போது ஊசி வரும் என்பதைப் பற்றி.

10 ஜூன்

நேற்று புரமோட்டர் என்றேன். ராத்திரி யோசித்துப் பார்த்ததில் அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காசு புரமோட்டரிடமிருந்து வரலாம். ஒப்பந்தம் புரமோட்டர் கையில் இருக்கக் கூடாது.

அதே 2015 சண்டையை எடுங்கள். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யுசாடா இரண்டு தரப்போடும் ஒப்பந்தம் போட்டுச் சோதனை நடத்தியது. எடை பார்த்த அன்றைக்கு, அதாவது மே 1, மேவெதர் வீட்டில் அவருக்கு நரம்பு வழியாக உப்புநீரும் வைட்டமினும் ஏற்றப்பட்டன. அந்தக் கலவையில் தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மணி நேரத்தில் 50 மில்லிக்கு மேல் அப்படி ஏற்றுவது அன்றைய விதிப்படி தடை, சிறப்பு மருத்துவ அனுமதி வேண்டும். அந்த அனுமதியை யுசாடா கொடுத்தது. எப்போது? சண்டை முடிந்து கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து. சண்டைக்கு லைசென்ஸ் கொடுத்த, லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தின் கமிஷனுக்கும் அப்போதுதான் தகவல். எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று யுசாடா சொன்னது. கமிஷன் நிர்வாகி இதை ஏற்கவில்லை.

மறுநாள், சண்டை ராத்திரி, டிரஸ்ஸிங் ரூமில் பாக்கியாவ் தோள்பட்டை வலிக்கு ஊசி கேட்டார். அவர் தரப்பு யுசாடாவிடம் முன்பே சொல்லியிருந்ததாம். கமிஷனுக்குச் சொல்லவில்லை என்று கமிஷன் மறுத்துவிட்டது.

யார் ஏமாற்றினார்கள் என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. ஒரே சண்டைக்கு இரண்டு அலுவலகம். ஒன்றுக்கு ஒப்பந்தக்காரர் காசு, இன்னொன்றுக்கு அரசு அதிகாரம், நடுவில் காகிதம் போகவில்லை. பரீட்சை எழுதுகிற பையனே விடைத்தாள் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுத்தால், வாத்தியார் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் நம்பாது.

11 ஜூன்

"சண்டை முடிந்ததும் ஒரு சிறுநீர்ச் சோதனை, மலிவாக முடிந்தது. எதற்கு இவ்வளவு?" என்று ஒரு தம்பி.

மலிவாகத்தான் முடியும், பிடிபடவும் மாட்டார்கள். ரத்தச் சிவப்பணுவைக் கூட்டுகிற ஈ.பி.ஓ. போன்றவை சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். பயிற்சி முகாமில் போட்டு, சண்டைக்கு முன் நிறுத்திவிட்டால் அன்றைய சிறுநீர் பளிங்கு மாதிரி இருக்கும். அதனால்தான் முகாமுக்கே வந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. செலவு ஏறுவது அங்கேதான். ஆளை அனுப்ப வேண்டும், வீரர் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும், ரத்தத்தைக் குளிர்பெட்டியில் அனுப்ப வேண்டும்.

இன்னொரு உதாரணம் லமான்ட் பீட்டர்சன் என்ற பாக்ஸர், 2012. தசை வளர்க்கிற ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனுக்கு வழக்கமாகப் பார்ப்பது, சிறுநீரில் அதற்கும் எபிடெஸ்டோஸ்டீரோன் என்ற இன்னொன்றுக்கும் உள்ள விகிதம். 4க்கு 1ஐத் தாண்டினால் சந்தேகம், நெவாடாவில் அன்றைக்கு 6க்கு 1. பீட்டர்சனின் விகிதம் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆனால் அவரைச் சோதித்தது வாடா. (நான் வாடா என்று எழுதுவது மார்கரெட் குட்மன் என்ற முன்னாள் ரிங் மருத்துவர் 2011ல் தொடங்கிய தன்னார்வ அமைப்பை. ஒலிம்பிக் பக்கத்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையை அல்ல. இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றாகத் தெரிவது என் குற்றமில்லை.) அவர்கள், உடம்பு தானே செய்ததா வெளியிலிருந்து வந்ததா என்று பிரித்துக் காட்டுகிற கார்பன் ஐசோடோப் சோதனை செய்தார்கள், செயற்கை டெஸ்டோஸ்டீரோன் என்று தெரிந்தது. அமீர் கானுடன் மறுசண்டை ரத்து. மலிவான சோதனையோடு நிறுத்தியிருந்தால் தேர்ச்சி!

ஆகக் காசு குறைகிற இடத்தில் எண்ணிக்கை மட்டும் குறையாது, சோதனையின் பார்வையும் மங்கும்.

11 ஜூன், மாலை

அதே வருடம் ஆந்த்ரே பெர்டோவும் வாடாவிடம் மாட்டினார். அவரும் பீட்டர்சனும் இந்தச் சோதனைக்குத் தாங்களாகவே ஒப்புக்கொண்டவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஒப்புக்கொள்ளாதவர்கள் சும்மா போய்க்கொண்டிருந்தார்கள்.

13 ஜூன்

"அரசாங்கம் கட்டினால் யாருக்கும் கட்டுப்பட வேண்டாமே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனைப் பாருங்கள். அங்கே ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யூகேட் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கிறது.

2019 ஜூலை 20, லண்டனில் டில்லியன் வைட்டும் ஆஸ்கர் ரிவாஸும். வைட்டின் மாதிரியில் ஏதோ இருக்கிறது என்று யூகேட்டுக்குத் தெரியும். சண்டை நாளன்றே ஒரு விசாரணை நடந்து, ஆடலாம் என்று அனுமதி. ரிவாஸுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பன்னிரண்டு ரவுண்டு ஆடித் தோற்று, அப்புறம்தான் செய்தியில் தெரிந்துகொண்டார். டிசம்பரில் வைட் மீதான குற்றச்சாட்டே திரும்பப் பெறப்பட்டது, அது வேறு. எதிரே நிற்கப் போகிறவனுக்குத் தெரியாமல் எப்படி?

ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் மருந்து போட்டால் மற்றவனுக்குப் பதக்கம் போகும். இங்கே மற்றவனின் மண்டையில் விழும். அரசுக் காசாக இருந்தாலும் தனியார் காசாக இருந்தாலும், முடிவு யார் மேஜைக்கு எந்த நேரத்தில் போகிறது என்று எழுதி வைக்காவிட்டால் பயனில்லை.

13 ஜூன், இரவு

அரசுப் பணத்துக்கு இன்னொரு சிக்கல், வக்கீல். டைசன் ஃபியூரியின் மாதிரி எடுத்தது 2015 பிப்ரவரி. குற்றச்சாட்டு வந்தது 2016 ஜூன். இடையில் அவர் க்ளிட்ஷ்கோவை வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியனாகிவிட்டார்! 2017 டிசம்பரில், முன்தேதியிட்ட இரண்டு வருடத் தடையோடு சமரசம். அந்த வழக்கு இழுத்தால் யூகேட்டின் நிதியே தாங்காது என்ற கவலை அப்போது பத்திரிகைகளில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. சோதனைச் செலவு என்றால் எல்லோரும் பாட்டிலையும் ஊசியையும் நினைக்கிறார்கள். உண்மையான பில் பாட்டில் திறந்த பிறகுதான் வரும்.

14 ஜூன்

மருந்து உடம்புக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஃபியூரி தரப்பு சொன்ன காரணம் காட்டுப்பன்றிக் கறி. கனெலோ 2018ல் சொன்னது மெக்சிகோ மாட்டுக்கறி. கானர் பென்னுக்கு, உலகப் பட்டம் தருகிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. கண்டுபிடித்துக் கொடுத்தது முட்டை. அந்த விளக்கத்தைப் பென்னே ரசிக்கவில்லை. ஹெவிவெயிட் ஓட்டல் ஒன்று திறக்கலாம், மெனு ரெடி.

14 ஜூன், பிறகு

மேலே எழுதியதற்கு ஒருவர் கோபித்திருக்கிறார், "கறி விஷயம் உண்மையிலேயே நடக்கும்" என்று. நடக்கும் சார். கிளென்பியூட்டரால் என்ற தடை மருந்து கால்நடைத் தீவனம் வழியாகக் கறியில் வருவது தெரிந்த விஷயம். அதனால்தான் உலக முகமை 2019ல் மில்லிக்கு 5 நானோகிராம் வரை இருந்தால் உடனே குற்றம் என்று முத்திரை குத்தாமல் விசாரிக்கச் சொன்னது. அந்த விசாரணைக்கும் செலவு உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். நான் சிரித்தது மெனுவைப் பார்த்து, அறிவியலைப் பார்த்து அல்ல.

16 ஜூன்

பென் விவகாரத்தை ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம் கேள்வி முழுக்க அதில் இருக்கிறது. 2022 அக்டோபர் 8 லண்டனில் பென்–யூபாங்க் ஜூனியர் சண்டை. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் அதிகாரபூர்வச் சோதனை யூகேட்டுடையது. இது போக வாடா சோதனையும் சண்டை ஒப்பந்தத்தில் இருந்தது. பிடித்தது வாடா, சிக்கிய மருந்து டெஸ்டோஸ்டீரோனைக் கூட்டுகிற க்ளோமிஃபீன். முடிவு சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பே தெரியும். ஊருக்குத் தெரிந்தது சண்டை வாரத்தில் ஒரு பத்திரிகை வெளியிட்ட பிறகு. புரமோட்டர்கள் அப்போதும் நடத்தப் பார்த்தார்கள், பென் மீது தடை ஏதும் இல்லையே என்றார்கள். வாரியம் அனுமதிக்க மறுத்ததால்தான் நின்றது.

ஆக, கூடுதல் சோதனையை ஒப்பந்தத்தில் சேர்த்தவர்களே அதன் முடிவை ஒதுக்கிவைத்துச் சண்டையை நடத்த ஆசைப்பட்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அரங்கம் விற்றாகிவிட்டது, டிவி தயார், ரத்தானால் நஷ்டம் அவர்களுடையது. அந்த நிலையில் நானே இருந்தாலும் வக்கீலைத்தான் கூப்பிடுவேன். அதனால்தான் அந்த நிலையில் இருக்கிறவர் கையில் காகிதம் இருக்கக் கூடாது என்கிறேன். பென் கடைசிவரை மறுத்தார், வழக்கு 2024 நவம்பரில்தான் முடிந்தது. 2025 ஏப்ரலில் அதே சண்டை நடந்தது, யூபாங்க் புள்ளிகளில் ஜெயித்தார். ரத்தான சண்டை இன்னும் பெரிய வசூலாகத் திரும்பி வந்தது.

17 ஜூன்

"யு.எஃப்.சி.யைப் பாருங்கள், நிறுவனமே கட்டுகிறது, நன்றாக நடக்கிறது." குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டையை நடத்துகிற அமெரிக்க நிறுவனம் அது. பார்த்தேன். 2015 ஜூலையிலிருந்து 2023 கடைசி வரை யுசாடா, அப்புறம் வேறு ஏற்பாடு. எல்லா வீரரும் வருடம் முழுக்கப் பட்டியலில். குத்துச்சண்டைக்கு இது கனவு. ஆனால் அது ஒரே முதலாளி இருக்கிற இடம். ஒரே முதலாளியின் பலவீனமும் அங்கேயே தெரிந்தது. 2016ல் ப்ராக் லெஸ்னர் திரும்பி வந்தபோது, நான்கு மாதம் சோதனைப் பட்டியலில் இருந்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். ஆடினார், ஜெயித்தார். சண்டைக்கு முன் எடுத்த மாதிரியின் முடிவு சண்டைக்குப் பிறகு வந்தது. க்ளோமிஃபீன்.

எனக்குப் பிடித்தது சைக்கிள் பந்தயத்து வழி. சம்மேளனம், அணிகள், பந்தயம் நடத்துகிறவர்கள், வீரர்கள் எல்லோருமே ஒரு பொது நிதியில் போடுகிறார்கள். அந்தக் காசில் இன்றைக்கு எவன் கதவு தட்டப்படுகிறது என்று போட்டவனுக்குத் தெரியாது.

19 ஜூன்

ஒரு வாசகர்: "பொது நிதி என்றால் கடைசியில் பாக்ஸர் தலையில்தானே விடியும்?"

ஏற்கெனவே விடிந்துகொண்டிருக்கிறது அண்ணே. பட்டச் சண்டை என்றால் பட்டம் தருகிற அமைப்புக்கு வீரர் தன் தொகையில் 3 சதவீதம் வரை கட்டுகிறார். டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ., நான்கு பட்டமும் வைத்திருந்தால் நான்கு பேருக்கும் பில். அந்தக் காசுக்குப் பளபளக்கிற பெல்ட்டும் தரவரிசையும் கிடைக்கிறது. அதிலிருந்து சோதனைக்கு ஒரு பங்கு ஒதுக்கு என்று கேட்பது புது வரி ஆகாது. டபிள்யூ.பி.சி. 2016ல் வாடாவோடு சேர்ந்து தரவரிசையில் முதல் 15 பேருக்கும் சோதனைப் பட்டியல் கொண்டுவந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த வருடமே பொவெட்கின் மெல்டோனியம் என்ற தடை மருந்தில் மாட்டினார், வைல்டருடனான மாஸ்கோ சண்டை போனது.

கூடவே ஒரு கறுப்புப் புள்ளியும் உண்டு. 2021ல் அவர்களுடைய சாம்பியன் ஆஸ்கர் வால்டெஸ், பசியைக் குறைக்கிற ஃபென்டர்மினில் மாட்டினார். வாடா பட்டியலில் அது எப்போதும் தடை. உலக முகமையின் பட்டியலில் போட்டி நேரத்தில் மட்டும் தடை. அந்தச் சந்துக்குள் புகுந்து சண்டையை நடத்திவிட்டார்கள், அமெரிக்காவின் டூசானில், அங்குள்ள பழங்குடியினரின் சொந்தக் கமிஷன் ஒன்றின் மேற்பார்வையில். பட்டமும் அவரிடமே.

19 ஜூன், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் திட்டத்தை எழுதிவிடுகிறேன்.

நடக்கிற ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மொத்த வசூலிலிருந்து ஒரு சிறு பங்கு, சண்டை அறிவிக்கும்போதே, யார் யாரோடு என்பதைப் பார்க்காமல். பட்ட அமைப்புகளின் 3 சதவீதத்திலிருந்து ஒரு பங்கு. ஒளிபரப்புகிறவரும் போட வேண்டும், ரத்தானால் அவருக்கும் நஷ்டம்தான். எல்லாம் ஒரே பானையில். சோதனை அமைப்போடு ஒப்பந்தம் போடுவது பானையை வைத்திருக்கிறவர். புரமோட்டருக்கும் மேனேஜருக்கும் அந்த மேஜையில் நாற்காலி கிடையாது. யாரைச் சோதிப்பது என்பது குலுக்கல், அதில் முக்கியச் சண்டைக்கு முன்னால் ஆடுகிற அண்டர்கார்டு பையனும் உண்டு. முடிவு கமிஷனுக்கும் இரண்டு மூலைக்கும் ஒரே நேரத்தில்.

அமெரிக்காவில் இது ஏன் நடக்காது என்று நீங்கள் எழுதும் முன்னால் நானே எழுதுகிறேன். மாநிலத்துக்கு ஒரு கமிஷன், மேலே தேசிய அமைப்பு கிடையாது. 1996 பாதுகாப்புச் சட்டமோ 2000ல் வந்த அலி சட்டமோ முகாமுக்குப் போய்ச் சோதிப்பதைக் கட்டாயமாக்கவில்லை. ஒரு மாநிலம் கண்டிப்பு காட்டினால் சண்டை பக்கத்து மாநிலத்துக்குப் போகும். பெல்ட் மட்டும்தான் எல்லை தாண்டுகிற சாமான். அதனால் பிடி அங்கேதான் போட முடியும்.

21 ஜூன்

"சோதனை என்றால் ஒரு கப்பில் ஒன்றுக்குப் போவதுதானே" என்று எழுதியவருக்கு.

என் நண்பனுக்கு ஒரே ஒரு தடவை அந்தச் சீட்டு விழுந்தது. எடை குறைக்க இரண்டு நாள் தண்ணீர் காட்டாத உடம்பு, ஆறு ரவுண்டு ஆடி முடித்திருக்கிறான். சட்டையை நெஞ்சுவரை தூக்கு, பேன்ட்டை முழங்கால்வரை இறக்கு, நான் பார்க்கிற மாதிரி நில் என்கிறார் வந்தவர். பாவம், அவருக்கும் அது வேலை. குறைந்தது 90 மில்லி வேண்டும். வரவில்லை. சீல் உடைக்காத பாட்டிலாகப் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அரங்கத்தில் விளக்கணைத்து நாற்காலி மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வழியாக வந்தது, ஆனால் அதிகம் தண்ணீர் குடித்ததால் நீர்த்துப் போயிருந்தது, அடர்த்தி போதவில்லை. மறுபடி உட்கார். கடைசியில் ஏ பாட்டிலில் 60, மறுசோதனை கேட்டால் திறப்பதற்காக எடுத்துவைக்கிற பி பாட்டிலில் 30 அவனே ஊற்றி, மூடியை இனித் திறக்க முடியாதபடி "கடகட" என்று சத்தம் நிற்கும்வரை அவனே திருகி, எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கு அவனுக்குக் கடைசி ரயில் போய்விட்டது. டாக்சிக் காசும் அவனுடையதே. சோதனைக்குக் காசு யார் கட்டுகிறார்கள் என்று பேசும்போது இந்த மாதிரிச் சில்லறையும் என் ஞாபகத்துக்கு வரும்.

22 ஜூன்

"அபராதத்தை வைத்தே நடத்தலாமே." ரயன் கார்சியா 2024 ஏப்ரலில் ஹேனியோடு ஆடி, தசை வளர்க்கிற ஆஸ்டரினில் மாட்டினார். வெற்றி ரத்து, ஒரு வருடத் தடை, பத்தாயிரம் டாலர் அபராதம், பத்து லட்சம் டாலருக்கு மேல் சண்டைத் தொகையும் போனது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் மாட்டினால்தான் வண்டி ஓடும் என்கிற அமைப்பை நானே நம்ப மாட்டேன். அபராதம் வந்தால் பானையில் போடட்டும், அதை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

22 ஜூன், மாலை

சூதாட்டக் கம்பெனிகளிடம் வாங்கலாம் என்கிற யோசனையை வாசித்தேன். காசு நிறைய இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ரிசல்ட்டை முதலில் யார் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

25 ஜூன்

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது: கடைசி நேர மாற்று ஆள்? 2019ல் ஜாரெல் மில்லர் ஒரே முகாமில் மூன்று வகை மருந்தில் மாட்டி விலக்கப்பட்டார். ஆண்டி ரூயிஸ் ஏறக்குறைய ஒரு மாத அவகாசத்தில் வந்து ஜூன் 1 அன்று ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். ரூயிஸ் மேல் எந்தச் சந்தேகமும் சொல்லவில்லை. ஆனால் சண்டைக்குச் சண்டை ஒப்பந்தம் போட்டால், மாற்று ஆளின் சோதனை அவர் கையெழுத்துப் போட்ட நாளில்தான் தொடங்கும். முந்தைய மாதங்கள் வெள்ளைத் தாள். பொதுப் பட்டியல் இருந்தால் யார் மாற்றாக வந்தாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பார். என் திட்டத்துக்கு இதை ஆறாவது காரணமோ ஏழாவது காரணமோ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

26 ஜூன்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சரி, பானை யோசனையை ஏற்கிறேன், ஆனால் பி பாட்டிலைத் திறக்கச் சொன்னால் அந்தச் செலவாவது பாக்ஸர் கட்டட்டும்" என்கிறார். இப்போதும் பல இடங்களில் கேட்கிறவர்தான் கட்டுகிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். முன்பணம் அவர் கட்டட்டும், இல்லாவிட்டால் எல்லோரும் நாள் கடத்தவே பி கேட்பார்கள். ஏ சொன்னதையே பி சொன்னால் அந்தக் காசு போனது போனதுதான். பி சுத்தமாக வந்தால் முழுத் தொகையும் பானையிலிருந்து அவருக்குத் திரும்ப வேண்டும். வக்கீல் காசும் சேர்த்தா என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. டாக்சிக் காசு மட்டும் கண்டிப்பாக உண்டு.